மூணு பேர் சீட்டு

வயித்தைச் சின்னதாக்குத ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசமாச்சு. இன்னும் ஒரு இட்லி முழுசா இறங்காது. முடி கொத்துக் கொத்தா கொட்டுது. ஆனா பஸ்ல என் பக்கத்துல ஆளுங்க தாராளமா உக்காருதாங்க. அதுதான் புதுசு.

இன்னைக்குத் திசையன்விளை பஸ். மூணு பேர் சீட்டுல நானும் முன்னப்பின்ன தெரியாத ஒரு அக்காவும்.

வழியில காலேஜ் பிள்ளை ஒண்ணு ஏறுச்சு. பழைய நானேதான். அதே உடம்பு, அதே கூச்சம்.

அக்கா என் காதுல, "இது உக்காந்தா நாம ரெண்டு பேரும் எந்திரிக்கணும்"னு சிரிச்சாங்க.

இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால பேசுனதை இப்ப என் காதுலயே சொல்லுதாங்க.

"போன வருஷம் நானும் இப்படித்தான்க்கா இருந்தேன்."

"சும்மா சொல்லாதிய!"

நான் நகந்து, "வாம்மா, இங்கன உக்காரு"ன்னேன்.

"இருக்கட்டும்க்கா, நிக்குதேன்."

அக்காவையும் என்னையும் சேத்து ஒரே பார்வை பாத்தா. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒல்லியா இருக்கவங்க இரக்கப்பட்டா நானும் அப்படித்தான் பாப்பேன், அப்படித்தான் நின்னுக்கிட்டே வருவேன்.

கடைசி வரைக்கும் அவ உக்காரல.

நானும் உன் ஆளுதான்னு சொல்ல, பஸ்ல வச்சுத் துணியைத் தூக்கி ஆபரேஷன் தழும்பையா காட்ட முடியும்? நீங்களே சொல்லுங்க.