துர்க்கைக்குக் கோணி கட்டிய வெள்ளிக்கிழமை

சுற்றிப் பார்க்கக் கிளம்பிய பயணம் இல்லை இது. சண்டை போடக் கிளம்பியது. 2010 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மதியம் சிதம்பரத்திலிருந்து தமிழரசி கூப்பிட்டாள். என்னிடம் கல்வெட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டவள், இப்போது அங்கே ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறாள். "மேடம், குமராட்சி பக்கம் நம்ம கோயிலுக்கு மிசின் வந்துடுச்சு. தெக்குப் பக்கம் ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள்.

மிசின் என்றால் சாண்ட் பிளாஸ்டிங் மிசின். பலமான காற்றோடு மணலைச் சேர்த்து அடித்தால் கல்லில் இருக்கும் எண்ணெய், கரி, சுண்ணாம்பு எல்லாம் போய்விடும். கல்லின் மேல்தோலும் சேர்ந்து போய்விடும். அந்தத் தோலில்தான் எழுத்து இருக்கிறது. எண்ணூறு, தொள்ளாயிரம் வருடம் மழையும் வெயிலும் கொள்ளிடத்து வெள்ளமும் அழிக்காததை ஒரு மதியத்தில் அழித்துவிட்டு, "பாருங்க, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்பார்கள். கும்பாபிஷேகம் என்று சொன்னாலே நான் பயப்படுவது இதனால்தான்.

என்னைத் தெரியாமல் இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு: முப்பது வருடம் கலை நிறுவனங்களில் வேலை பார்த்தவள் நான். முதலில் ஒரு ஓவியப் பள்ளிக்கும் பிறகு ஒரு அருங்காட்சியகத்துக்கும் தலைமைப் பொறுப்பு. அந்த நாற்காலியில் பாதி நேரம் ரிப்பன் வெட்டுவதிலும் மீதி நேரம் ஒழுகும் கூரைக்கு நிதி கேட்பதிலும் போகும். ஓய்வு பெற்ற பிறகுதான் வெளியில் இருக்கும் சுவர்களைப் பற்றிக் கவலைப்பட நேரம் கிடைத்தது. இந்தச் சின்ன சிவன் கோயிலின் தெற்கு, மேற்குச் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை நானும் தமிழரசியும் ஏற்கெனவே ஈரத்தாள் ஒட்டி, மை தட்டிப் படி எடுத்துவிட்டோம். வடக்குச் சுவரை எடுக்கவில்லை. எண்ணெயும் கரியும் ஏறிக் கிடந்ததால் தாள் ஒட்டவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்று உயிரோடு இருந்த யாருக்கும் தெரியாது. அந்த ஒரு சுவருக்காகத்தான் கிளம்பினேன்.

வியாழன் காலை ஐந்தரைக்குக் கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். கடலூருக்குச் சுமார் நூற்றெண்பது கிலோமீட்டர், எழுபது ரூபாய்ச் சில்லறை, நாலரை மணி நேரம். அப்போது ரயில் இல்லை, பாதையை அகலமாக்குகிறோம் என்று இந்தத் தடத்தை மூடி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நேராகச் சிதம்பரம் போகாமல் கடலூரில் இறங்கக் காரணம், மஞ்சக்குப்பத்தில் கோயில் நிர்வாகம் பார்க்கும் ஒரு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் வேலை நின்றுவிடும் என்ற நம்பிக்கை. முப்பது வருட அனுபவத்துக்குப் பிறகும் இந்த நம்பிக்கை போகவில்லை பாருங்கள், என்னை எதால் அடிப்பது!

ஒரு மணி நேரம் காத்திருந்தபின் மேசைக்காரர் நிமிர்ந்தார். "கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்துட்டுப் போங்க மேடம். சார் கேம்ப். திங்கக்கெழம பாக்கலாம்."

"திங்கட்கிழமை சுவர் இருக்காது சார்."

"செவுரு எங்க மேடம் போயிடப்போவுது? செவுரு அங்கயேதான இருக்கும்" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். நான்தான் அதைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். செம்மங்குப்பம் வந்ததும் ஆலைகளின் ரசாயன வாடை பஸ்ஸுக்குள் புகுந்தது. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, "மூடினா மட்டும் வுட்டுடுமாம்மா? நாங்க தெனைக்கும் இதே ரோட்டுலதான் போறோம், வர்றோம். பழகிடும்" என்றார். பழகிடும்! இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நம்மிடமிருந்து காற்றையும் பிடுங்கினார்கள், தண்ணீரையும் பிடுங்கினார்கள், கல்லையும் பிடுங்குகிறார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை.

ராத்திரி சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். வாடகை முந்நூற்றைம்பது, சுத்தம் சுமார். வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்கு நானும் தமிழரசியும் குமராட்சி மினிபஸ்ஸைப் பிடித்தோம். பதினைந்து கிலோமீட்டர். அங்கிருந்து ஆட்டோவில் இன்னும் நாலு. ஊர்ப் பெயரை எழுதவில்லை, கேட்டும் எழுதாதீர்கள். அந்த ஊர்க்காரர்களை நான் திட்டலாம், இணையத்தில் ஊரே கூடித் திட்ட வேண்டாம்.

கோயில் வாசலுக்கு முன்பே சத்தம் கேட்டது. தெற்குச் சுவர் போயிருந்தது. நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் போயிருந்தது. நான்கு வருடத்துக்கு முன் விரலால் தடவித் தடவி வாசித்த வரிகள் இருந்த இடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. தட்சிணாமூர்த்திக்கு மூக்கு பாதிதான் இருந்தது. தமிழரசி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மேற்குச் சுவரில் மிசின் ஓடிக்கொண்டிருந்தது.

திருப்பணிக் கமிட்டித் தலைவர் கலியமூர்த்தி ஓடி வந்தார். சிதம்பரத்தில் மின்சாமான் கடை வைத்திருப்பவர், ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று தன் கைக்காசைப் போடுபவர். "வாங்க மேடம், மொதல்ல கலர் சாப்புடுங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். நான் கலரை வாங்கவில்லை. என்ன செய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறதா என்று கேட்டேன். கத்தினேன் என்பதே சரி.

அவர் கோபப்படவே இல்லை. குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார்: "மேடம், பாலாலயம் ஆயிடுச்சு. சாமிய கும்பத்துல எறக்கி அந்தக் கொட்டகையில வச்சாச்சு. இப்ப உள்ள யாரும் கெடையாது. வெறுங் கல்லுதான். வெறுங் கல்ல சுத்தம் பண்றதுல என்ன தப்பு?"

இதுதான் எனக்குப் பொறுக்காதது. திருப்பணி நடக்கும்போது சாமிக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று முன்னோர் வைத்த மரியாதை பாலாலயம். தற்காலிகமாகச் சாமியை வேறு இடத்தில் இருத்தி, பூஜை நிற்காமல் பார்த்துக்கொள்வது. அதையே இவர்கள், வீட்டுக்காரர் ஊரில் இல்லை, எதை வேண்டுமானாலும் இடிக்கலாம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பக்தி இல்லாதவன் இப்படிச் செய்ய மாட்டான். இதற்குப் பக்தியும் வேண்டும், அவசரமும் வேண்டும்.

நான் சட்டம் பேசினேன், அவர் தலையாட்டினார். வரலாறு பேசினேன், அதற்கும் தலையாட்டினார். மேற்குச் சுவர் முடிந்து, மிசின்காரர்கள் குழாயை வடக்குப் பக்கம் இழுத்தார்கள். அங்கே மாடத்தில் துர்க்கை. மணல் கண்ணில் படக்கூடாது என்று அவளுக்குக் கழுத்து முதல் கால் வரை கோணிப்பை சுற்றிக் கயிறு கட்டி, தலையில் இன்னொரு பையைக் கவிழ்த்திருந்தார்கள். மணி பத்தரை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். உளுந்து வயலிலிருந்து நேராக வந்த ஏழெட்டுப் பெண்கள், கையில் எலுமிச்சை மூடியும் எண்ணெய்க் கிண்ணமுமாக வடக்குப் பக்கம் திரும்பினார்கள். முன்னால் வந்த அஞ்சலை கோணியைப் பார்த்ததும் நின்றாள்.

"யாரு மாமா இது ஆத்தாவுக்குக் கோணி கட்டுனது?"

"ஒரு மணி நேரந்தான் அஞ்சல. செவுத்த அடிச்சுட்டு அவுத்துடுவாங்க" என்றார் கலியமூர்த்தி.

"எம் பொண்ணுக்கு ஒம்பது வாரம் நேந்துகிட்டு வௌக்குப் போடறேன். இது ஏழாவது. இன்னிக்கு வுட்டா மொதல்லேருந்து போடணும். மாப்ள வூட்டுல அதுவரைக்கும் காத்துக்கெடப்பாங்களா? நீ போயிச் சொல்றியா?"

தமிழரசி இடையில் புகுந்து, சுவரில் பழைய எழுத்து இருக்கிறது அக்கா என்று தொடங்கினாள். அஞ்சலை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுத்தாவது எறும்பாவது, சும்மா இரும்மா. மாமா, அவுக்கச் சொல்றியா, நானே அறுக்கட்டுமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டகை ஓரம் நின்ற குருக்களிடம் போனேன். துர்க்கைக்குப் பாலாலயம் ஆனதா என்று கேட்டேன். அவர் கலியமூர்த்தியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "இவாள்ளாம் வேண்டுதல் பாதியில இருக்குன்னு ஒத்துக்கலை. அதனால துர்க்கையை எடுக்கலை" என்றார்.

"அப்படியென்றால் அங்கே அவள் இருக்கிறாள். சாமி இருக்கும்போது அவள் மேல் மணல் அடிக்கலாமா?"

அவர் மாடத்துக்கு எதிரே வந்து நின்றார். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, "கூடாது" என்றார்.

மிசின் நின்றது. முப்பது வருடப் பதவி சாதிக்காததை ஒரு எலுமிச்சை மூடி சாதித்தது. அஞ்சலை கோணியை அறுத்து எறிந்துவிட்டு, என்னை யார் என்றுகூடக் கேட்காமல் விளக்கை ஏற்றினாள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நான் பதவியில் இருந்த காலமெல்லாம் "சிலை அருகில் விளக்கு ஏற்றாதீர்" என்று பலகை வைத்து, ஊர் ஊராகப் பெண்களிடம் ஏச்சு வாங்கியவள். எண்ணெய் கல்லைக் கெடுக்கும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவள். அதே நான் அன்று அந்தப் பெண்கள் காலில் விழாத குறையாக, கும்பாபிஷேகம் வரைக்கும் ஒருத்தி வேண்டுதல் முடிவதற்குள் இன்னொருத்தி தொடங்குங்கள், வாரம் தவறாதீர்கள் என்று கெஞ்சினேன். "அதுக்கென்னா, ஊர்ல கொறையா இல்ல?" என்றாள் அஞ்சலை. சாயங்காலம் சிதம்பரம் கடைத்தெருவில் ஒரு இரும்பு விளக்குத் தட்டு வாங்கி அனுப்பினேன். சுவருக்கு மூன்றடி தள்ளி வைத்தால் கரியும் ஏறாது. அதற்கும் ஒப்புக்கொண்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சிதம்பரத்தில் தங்கிக்கொண்டு குமராட்சிப் பக்கக் கோயில்களைப் பார்ப்பதுதான் வசதி. மதியத்துக்கு மேல் மினிபஸ் குறைவு, திரும்புவதற்கும் சேர்த்து ஆட்டோ பேசிவிடுங்கள். மழை மாதங்களில் கொள்ளிடத்தில் வெள்ளமா என்று பார்த்துப் போங்கள். சிதம்பரத்தில் இட்லிக்குக் கத்தரிக்காய்க் கொத்சு கேளுங்கள். அன்று ராத்திரி அதுதான் என்னை மனுஷியாக்கியது. எந்தக் கோயிலிலாவது கும்பாபிஷேகத்துக்குக் கொட்டகை போட்டிருந்தால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காமல், சுவரைப் பாருங்கள், படம் எடுங்கள். கமிட்டிக்காரர்களிடம் கல்வெட்டு என்று சொல்லாதீர்கள், பயன் இல்லை. பாலாலயம் எந்தெந்தச் சாமிக்கு ஆகியிருக்கிறது என்று கேளுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் கும்பாபிஷேகத்துக்கு அழைப்பு வந்தது, ஜூன் மாதம் போனேன். ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது, வசதியாகப் போய் இறங்கினேன். இடைப்பட்ட நாளில் தமிழரசி கரியை மெல்லத் துடைத்து மேல் வரிகளை மட்டும் படி எடுத்திருந்தாள். நிலதானம் என்று தெரிகிறது, யார் கொடுத்தது என்பது கீழ் வரிகளில்தான் வரும். கோடை விடுமுறை முடிந்ததும் எடுக்கலாம் என்று வைத்திருந்தோம். அந்த வடக்குச் சுவரைப் பார்க்கும் ஆசையில் கூட்டத்தை இடித்துக்கொண்டு போனேன்.

கலியமூர்த்தி என் கையைப் பிடிக்காத குறையாக முன்னால் கூட்டிப்போனார். சாமியை மறுபடி உள்ளே எழுந்தருளச் செய்தாயிற்று, மேளம் அடங்கியிருந்தது. துர்க்கைக்குப் பக்கத்தில், கீழ் வரிகள் இருந்த இடத்தில், மூன்றடிக்கு இரண்டடி கறுப்பு கிரானைட் பலகை பளபளத்தது. நாலு மூலையிலும் டிரில் போட்டு போல்ட் முடுக்கியிருந்தார்கள். போல்ட்டைச் சுற்றிக் கல் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. உபயதாரர்கள் பெயர் வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே, தங்க மை பூசி, என் பெயர்.

"சொன்னா வேணாம்னுடுவீங்கன்னுதான் மேடம் சொல்லல. நீங்க இல்லன்னா இந்தச் செவுரே இல்ல" என்று பொன்னாடையை எடுத்துப் போர்த்தினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

இதை இப்போதே கழற்றுங்கள் என்றேன். கழற்ற முடியாவிட்டால் என் பெயரையாவது அழியுங்கள் என்றேன்.

கலியமூர்த்தி பதறிப்போய் ஒரு அடி பின்வாங்கினார்.

"என்னா மேடம் இப்புடிச் சொல்றீங்க? கல்லுல வெட்டுன பேர அழிக்கலாமா? பாவமில்லையா?"