அரிசி வியாபாரியின் சோறில்லாப் பத்தியம்

1. சோற்றை விட வந்தவர்

புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருந்த காலம் முழுக்க, "மேடம், சோறு சாப்பிடலாமா?" என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். "சோத்தை எப்படி விடுததுன்னு சொல்லுங்க" என்று கேட்டு வந்த ஒரே ஆள் முருகேசன். அதிலும் அவர் சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் அரிசி மொத்த வியாபாரி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி செல்வியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

அவருக்குத் தலைக்குள் கட்டி. ஆபரேஷனில் எடுத்தது போக மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதற்கு ரேடியேஷன் தொடங்க வேண்டும். மூளை வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டோ ரத்தச் சர்க்கரையை எக்கச்சக்கமாக ஏற்றி வைத்திருந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த அவருடைய தம்பி கணேசன், இன்டர்நெட்டில் கீட்டோ டயட் பற்றித் தேடிப் படித்துவிட்டு ஒரு கட்டு பிரிண்ட் அவுட் அனுப்பியிருந்தார். மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் கொழுப்பைக் கொடுத்தால், உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும். சர்க்கரையை நம்பி வளரும் கட்டிக்கு அதனால் தீனி குறையலாம். "குறையலாம்" என்ற அளவில்தான் அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும்.

ரேடியேஷன் டாக்டர் லீலா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து மலையாளத்தில் சொன்னார்.

"டயட் ட்ரை செய்யாம். பக்ஷே ரேடியேஷன் ஒரு திவசம் போலும் முடங்கான் பாடில்லா. மாஸ்க் லூஸாயால் டயட்டும் நிர்த்தும். கேட்டோ?"

டயட்டை முயன்று பார்க்கலாம், ஆனால் ஒருநாள்கூட ரேடியேஷன் தவறக்கூடாது. மாஸ்க் தளர்ந்தால் டயட்டை நிறுத்திவிடுவேன் என்கிறார். மாஸ்க் என்பது ஒரு பிளாஸ்டிக் வலை. வெந்நீரில் இளக்கி, நோயாளியின் முகத்தின்மேல் அழுத்தி, அச்சு எடுப்பார்கள். தினமும் அதைப் போட்டு மேசையோடு கிளிப் மாட்டினால் தலை அசையாது. எடை குறைந்து முகம் வாடினால் அச்சு பொருந்தாது. குறி தவறும். மறுபடி முதலிலிருந்து பிளான் போட வேண்டும்.

கீட்டோ டயட்டில் எடை குறைவது சகஜம். எடை குறையாமல் கீட்டோ கொடுக்க வேண்டும் என்றால், அடேயப்பா, எப்பேர்ப்பட்ட சவால்! வலிப்பு வரும் குழந்தைகளுக்கு இதைக் கொடுப்பது பற்றிப் படித்ததோடு சரி. பெரிய ஆளுக்கு, அதுவும் நம்ம ஊர்ச் சாப்பாட்டில்! அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

2. மீன்குழம்பைக் கரண்டியால் குடிப்பது

புத்தகத்தைத் திறந்தால் க்ரீம், சீஸ், பன்றிக் கொழுப்பு. அதை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தென்னைமரம்! கொழுப்புக்கு இந்த ஊரில் பஞ்சமா? தேங்காய்ப்பாலில் வேகவைத்த முட்டை, தேங்காயெண்ணெயில் பொரித்த மத்தி, கீரையும் தேங்காயும் சரிபாதியாகப் போட்ட தோரன் என்று எழுதிக்கொண்டே போனேன். நேந்திரம்பழமும் மரச்சீனிக்கிழங்கும் அவுட்.

"சோறில்லாம மீன்கொழம்பை எதுல ஊத்தித் திங்க, மேடம்?" என்றார் முருகேசன்.

"கரண்டியால குடிங்க!"

"கடை நெறைய அரிசி மூட்டை. மொதலாளி கொழம்பைக் குடிக்கான். நல்ல கதை!" என்று அவரே சிரித்தார்.

முதல் சில நாட்கள் தலைவலி, சோர்வு, வாயில் ஒரு நாற்றம். உப்பும் தண்ணீரும் கூட்டினேன். ரத்தப் பரிசோதனைகளை விடாமல் பார்த்தோம். சிறுநீரில் கீட்டோன் இருந்தால் நிறம் மாறும் ஸ்ட்ரிப் ஒரு பாட்டில் கொடுத்திருந்தேன். ஒருநாள் காலை வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"மேடம்! வயலட்டு! நல்ல கத்திரிக்கா கலரு!"

நானும் எழுந்து ஓடினேன். கிளினிக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களுக்கு லாட்டரி விழுந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். சர்க்கரையும் இறங்கியிருந்தது. எடை அசையவில்லை. "மாஸ்க் கரெக்டாணு சேச்சி" என்று ரேடியோகிராஃபர் பினு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

3. காலியாகக் கிடந்த மேசை

ரேடியேஷன் பாதி தாண்டியிருந்தது. மத்தியானம் பினு இன்டர்காமில் கூப்பிட்டான். "சேச்சி, நம்முடெ அரிசிக்காரன் இன்னு வந்நில்லா." ஆள் வரவில்லை.

வலிப்பு வந்து விழுந்துவிட்டாரா? கடைக்குப் போன் போட்டால் எந்நேரமும் என்கேஜ்டு. டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

சாலைக் கம்போளத்தில் அவர் கடைக்கு முன்னால் ஒரு கூட்டம். உள்ளே முருகேசன் மூட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்ட்ரிப் பாட்டிலைக் காட்டிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

"வாங்க மேடம்! இவங்கதான் நான் சொன்ன டயட் மேடம்!"

"ரேடியேஷனுக்கு ஏன் வரலை?"

"தம்பி போன் பண்ணினான். டயட்டுலேயே கட்டி கரையுதுல்லா, பொறவு எதுக்கு மண்டையைக் கரிய வைக்கன்னான். எனக்கும் சரின்னு பட்டுது. முடி கொட்டுது, அசதியா வருது. இனிமே டயட்டு மட்டும் போதும் மேடம்."

"கட்டி கரையுதுன்னு யார் சொன்னா?"

"இந்தா, கலரு சொல்லுதே!"

அந்த நேரம் செல்வி தூக்குவாளியில் அவருடைய சாப்பாட்டோடு வந்தார். பார்த்தேன். கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரை ஏறுகிற மாதிரி இருந்தார்.

"நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

"அவிய திங்கதுதான் நானும். அவிய ஒதுக்கின சோறு எனக்கு எப்படிம்மா தொண்டையில எறங்கும்?"

இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு யோசனை தட்டியது. பாட்டிலைப் பிடுங்கி ஆளுக்கு ஒரு ஸ்ட்ரிப் கொடுத்தேன். "ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க." செல்வி வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனார். நான் விடவில்லை.

காகிதத்தில் சுற்றி வந்த இரண்டையும் தராசுத் தட்டில் வைத்தேன். இரண்டும் வயலட். செல்வியுடையது இன்னும் அழுத்தமான வயலட்.

"இவங்களுக்கு எங்க கட்டி இருந்தது, முருகேசன்? இவங்களுக்கு எது கரையுது?"

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிரசங்கம் கேட்ட கூட்டம் மெல்ல நழுவியது.

"நீங்க சோறு திங்கலை, கொழுப்பு எரியுது. கலர் அதை மட்டுந்தான் சொல்லும். கட்டியைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. இதை ஒரு பத்தியம்னு வச்சுக்கோங்க. மருந்தோடதானே பத்தியம் இருப்பாங்க? மருந்தை நிறுத்திட்டா அப்புறம் பத்தியம் எதுக்கு?"

முருகேசன் மூட்டையிலிருந்து இறங்கினார். செருப்பைக்கூடத் தேடவில்லை. ஆட்டோவில் ஏறியதும் செல்வியிடம், "நீ இன்னைக்கே உலை வை, கேட்டியா? ஒன்னையும் இதுல இழுத்துவிட்டுட்டேனே" என்றார்.

வழியில் கிழக்கேகோட்டையில் ஏதோ ஊர்வலம். டிரைவர் ஹாரன் அடிக்க, நான் தலையை வெளியே நீட்டிக் கத்த, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். பினு மெஷினை அணைக்காமல் காத்திருந்தான். கடைசி ஆளாக உள்ளே கொண்டுபோனார்கள். கிளிப்புகள் ஒவ்வொன்றாக மாட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

4. கணேசன் கேட்ட கேள்வி

அதன்பின் ஒருநாளும் தவறாமல் முருகேசன் ரேடியேஷனை முடித்தார். பிற்பாடு எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. வராந்தா என்றும் பார்க்காமல் செல்வி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

மெஷினா, தேங்காயெண்ணெயா என்று டாக்டர் லீலாவிடம் கேட்டேன். "ஒராளெ வச்சு பறயான் பற்றில்லா" என்றார். ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாதுதான். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, டயட் நன்றாகப் போகும் நாளில்தான் அதிகம் கவனமாக இருங்கள். நோயாளி எதை நிறுத்த நினைக்கிறார் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். கூடச் சாப்பிடுகிறவர் என்ன சாப்பிடுகிறார் என்றும் கேளுங்கள்.

ஸ்கேன் செய்தி தெரிந்ததும் கணேசன் பெங்களூரிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நடந்ததெல்லாம் சொன்னேன். மனிதருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"அப்போ டயட்டால கட்டி சுருங்கிச்சுன்னு சொல்ல முடியாது, இல்லையா மேடம்?"

"முடியாது."

"பின்னே எதுக்கு எங்க அண்ணன் இத்தனை கஷ்டப்பட்டான்?"

"சர்க்கரை ஏறி, எடை இறங்கி, ரேடியேஷன் பாதியிலேயே படுத்துப்போன எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், சார். உங்க அண்ணன் கடைசி நாள்கூட யார் கையையும் பிடிக்காம நடந்துபோய் அந்த மேசைமேல ஏறிப் படுத்தார். அதுக்குத்தான்."