தறியில் இன்னொரு ஆள்

காஞ்சிபுரம் தபாலாபீசில் இன்லண்டு லெட்டர் வாங்க வரிசையில் நிற்கிறேன். பக்கத்துச் சுவரில், சர்க்கார் செலவில் ஓவியர் ஒருவர் பெரிய படம் எழுதுகிறார்: தறியில் ஒரு நெசவாளர், சிவப்புப் பட்டு, பச்சைக் கரை. நாளைக்குத் திறப்பு விழாவாம்.

எனக்கு முன்னால் நிற்கும் அம்மாளின் தலைமுடியில் பட்டு நூல் ஒட்டியிருக்கிறது. அவர் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"இது கோர்வைச் சேலைப்பா. நடுவுல நெய்ய ஒரு ஆளு, கரைக்கு ஒரு ஆளு வேணும். இவரு ஒண்டியா உக்காந்துக்கினு எப்படி நெய்வாரு?"

"ஒரு நெசவாளர்னுதாம்மா உத்தரவு," என்கிறார் ஓவியர்.

"உத்தரவு போட்டவர ஒண்டியா நெய்யச் சொல்லு."

வரிசையே சிரிக்கிறது. ஓவியர் தலையைச் சொறிகிறார்.

"இன்னொரு ஆளு போட இடமில்லையேம்மா."

அம்மாள் படத்து மனிதரை முறைக்கிறார்.

"யோவ், தள்ளி உக்காரு. நான் எங்க உக்கார்றது?"