கந்தப்பன் ஓடிய முக்கால் மைல்

தலையில் சாக்கை ஏற்றிய பிறகும் கந்தப்பன் உடனே நடக்க மாட்டார். முதலில் வலது காலை முன்னே வைப்பார். அது நன்றாக ஊன்றியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் இடது காலுக்கு உத்தரவு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்கும் லொறிக்கும் இடையே இருபதடி தூரம். அவர் ஒரு சாக்கைப் போடுவதற்குள் மற்றவர்கள் இரண்டைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். அவசரப்படுத்தினால் ஒரே பதில்தான்: "ஃபெக்டரி எங்கயும் ஓடிறாதுங்க. அங்கனதான் நிக்கும்."

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்கு ஏற்றுகிறவர். வயது ஐம்பத்து நான்கு. வெயிலடித்தாலும் கழற்றாத அரக்கு நிறக் கம்பளித் தொப்பி. எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே போய் நிற்பார். நகரத் தொடங்கிய பஸ்ஸில் அவர் ஏறியதே இல்லை. ஓடிப் பிடிக்கலாமே என்று யாராவது சொன்னால், சொன்னவரை இரக்கத்தோடு பார்ப்பார். அவர் மனைவி லெட்சுமி சொல்வது இது: "கல்யாணத்தன்னைக்கே தாலியக் கட்டுப்பான்னு பூசாரி மூணு தடவ சொன்னாருங்க. இவரு முடிச்சு சரியா விழுந்துச்சான்னு பாத்துக்கிட்டிருந்தாரு."

இந்த நிதானத்தைக் கண்டு அதிகம் கொதித்தவள் மீனம்மா. நாற்பத்தொரு வயது, அந்தப் பிரிவிலேயே கொழுந்து பறிப்பதில் வேகமான கைக்காரி. நிறுவை முடிந்து நிற்கும்போதெல்லாம் அவள் வாய் சும்மா இருக்காது. "அண்ணே, நீங்க சாக்கத் தூக்குறதுக்குள்ள கொழுந்து தானா காஞ்சி தேத்தூளாப் போயிரும்."

"போகட்டுமே புள்ள. ஃபெக்டரிக்கு வேல மிச்சம்," என்பார் கந்தப்பன்.

போன வருடம் மே மாதம், காற்று பலமாக வீசிய ஒரு காலை. பத்தாம் நம்பர் மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்த டர்பன்டைன் மரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. கிளையோடு குளவிக்கூடும் விழுந்தது. கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் கீழே ஓடினார்கள். மீனம்மாவுக்கு நெற்றியில் கூடைக்கயிறு சிக்கிக்கொண்டது. அதை இழுத்து எடுப்பதற்குள் கால் இடறி, மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்தாள்.

கந்தப்பன் அப்போது மலையடிவாரத்தில் வெற்றுச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் தம்மைத் தாண்டிக் கீழே ஓடுவதைப் பார்த்தார். எண்ணிக்கையில் ஒரு சத்தம் குறைவதாக அவருக்குப் பட்டது. இத்தனை கூச்சலில் மீனம்மாவின் குரல் இல்லை. கையிலிருந்த சாக்கோடு அவர் மேலே ஏறினார்.

கானுக்குள் கிடந்தவளின் மேல் சாக்கைப் போர்த்தி வெளியே இழுத்தபோது, குளவிகள் கொட்டி அவள் உதடு வீங்கி, கண்கள் மூடியிருந்தன. பேச முயன்றாள், மூச்சு மட்டும் விசிலடித்தது. கொழுந்து லொறி ஃபெக்டரிக்குப் போயிருந்தது. தூரத்தில் நின்ற சுப்பவைசர் டிஸ்பென்சரிக்குப் போன் பேசிவிட்டு, வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்று கத்தினார். டிஸ்பென்சரி மேலே, முக்கால் மைல் ஏற்றம்.

கந்தப்பன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

எப்படி ஓடினார் என்று அவரிடம் கேட்டால் பாதை தெரிந்தது என்பார். அது மட்டும்தான் தெரிந்தது. இருபுறமும் தேயிலை இருந்ததா, யாராவது கூப்பிட்டார்களா, எதுவும் நினைவில்லை. நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காதோரம் அவளுடைய மூச்சின் விசில் மட்டும் கேட்டது. கோவில் திருப்பத்தில் அதுவும் தேய்ந்து நின்றது. "சத்தம் நின்னதுந்தாங்க எனக்குப் பயம் வந்துச்சு. அதுக்கப்பறம் காலு எங்கூட இல்ல. அதுபாட்டுக்கு ஓடுச்சு."

டிஸ்பென்சரி வாசற்படியில் சுதாகரன் ஊசியோடு தயாராக நின்றார். முப்பது வயதுகூட ஆகாதவர். தோட்டத்து மருந்தகத்தின் பொறுப்பாளர். எல்லோருக்கும் டொக்டர் ஐயா. மீனம்மாவைத் திண்ணென்ற பலகைக் கட்டிலில் கிடத்தியதும் தொடையில் ஊசியைப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஐந்து நிமிடத்தில் போதிய மாற்றமில்லை. இரண்டாவது ஊசி. சற்று நேரத்தில் அவள் நெஞ்சு உயர்ந்து, ஒரு நீண்ட இருமலோடு மூச்சு உள்ளே போனது. அந்த இருமலைப் போல இனிமையான சத்தத்தைத் தாம் கேட்டதில்லை என்று கந்தப்பன் இன்றும் சொல்கிறார்.

அம்புலன்ஸ் வந்து அவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் அவர் படியில் உட்கார்ந்தார். அப்போதுதான் பார்த்தார்: வலது முழங்கால் பிளந்து கணுக்கால்வரை இரத்தம். எங்கே அடிபட்டது என்று தெரியவில்லை. கழுத்திலும் கையிலும் பதினோரு இடத்தில் குளவி கொட்டியிருந்தது. அதுவரை வலிக்காதது எல்லாம் சேர்ந்து வலித்தது. யாரோ கொடுத்த தேத்தண்ணி பாதி அவர் உடுத்திய சாரத்தில் சிந்தியது. வீட்டுக்குப் போய் இருபது மணி நேரம் தூங்கினார். எழுந்தபோது தொப்பியை மாட்டக்கூடக் கை மேலே போகவில்லை.

அதன் பிறகு இளைஞர்கள் ஒருநாள் அவரிடம் அரைச் சாக்குக் கொழுந்தைக் கொடுத்து, அதே பாதையில் ஓடிக்காட்டச் சொன்னார்கள். பத்தடி போய் இறக்கி வைத்துவிட்டார். "அன்னைக்கி ஓடுனது நான் இல்லீங்க."

மீனம்மா மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். கந்தப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றவள், லெட்சுமியின் தோளில் சாய்ந்து அழுதாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் வாழையிலையில் சுற்றிய இரண்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் அவருக்கு வந்துவிடும். கூடவே, "சீக்கிரமாத் தின்னுங்கண்ணே, ரொட்டி காஞ்சிரும்" என்ற அதட்டலும்.

ஒரு மாதம் கழித்து சுதாகரன் இருவரையும் டிஸ்பென்சரிக்கு வரச் சொன்னார். முழங்கால் தழும்பைப் பார்த்தார். மீனம்மாவிடம் வேறென்ன குறை என்று கேட்டார்.

"ஒண்ணு கேக்கணுங்கய்யா. அன்னைக்கி ஊசி போட்டதும் நெஞ்சு தப்பு மேளம் அடிக்கிற மாதிரி அடிச்சுச்சு. கையெல்லாம் வெடவெடன்னு வந்துருச்சு. செத்துத்தான் போறேன்னு நெனச்சேன்."

"அது மருந்து செய்ற வேலக்கா. அட்ரினலின்னு பேரு. தொண்ட வீக்கத்தக் கொறைக்கும், மூச்சுப் பாதையத் தொறக்கும், நெஞ்ச வேகமா அடிக்க வைக்கும்." சுதாகரன் கந்தப்பன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் அன்னைக்கி அதே மருந்துதான்."

"எனக்கு நீங்க ஊசி போடலீங்களே."

"நான் போடல. உங்க ஒடம்பே போட்டுருச்சு. பயம் வந்தா அது தானா சொரக்கும். வலி தெரியாது, காலுக்கு ரத்தம் ஓடும்." எழுந்து, கந்தப்பனின் விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் இரண்டு விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க, கிட்னிக்கு மேல, தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி."

"ஐம்பத்தி நாலு வருசமா அங்கனதான் இருந்துச்சாங்க?"

"அங்கனதான்."

கந்தப்பன் மீனம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இவ ஒடம்புலயும் இருந்திருக்குமேங்க."

"இருந்துச்சு. அவ்வளவு வெசத்துக்கு அது பத்தல. மேல கொஞ்சம் வேண்டியிருந்துச்சு."

மீனம்மா அந்த மருந்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். சுதாகரன் அலுமாரியைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் அளவுகூட இல்லை. அவள் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கந்தப்பனிடம் நீட்டினாள். அவர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு கையாலும் ஐயாவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, யாரும் தம்மைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வலது கையைப் பின்னால் கொண்டுபோய், ஐயா தொட்டுக் காட்டிய இடத்தில், நன்றாக உழைத்த மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல, மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.