காலை ஏழு மணிக்குத் திறந்த பதிவு

கணபதி பகுதியில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. நோயாளிகளின் பதிவெல்லாம் கிளவுட் டேட்டாபேஸில் இருக்கிறது. புது வசதி வந்திருப்பதாக அந்தச் சேவைக்காரர்கள் அனுப்பும் மெயில்களை நான் படிப்பதே இல்லை. ஆனால் யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்று காட்டும் வசதி வந்ததும் உடனே போட்டுவிட்டேன். எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

ஒரே வாரத்தில் ஆள் சிக்கியது. வரவேற்பில் இருக்கும் ஸ்டெல்லா தினமும் காலை ஏழு மணிக்கு, வேலைக்கு வருமுன்பே, வீட்டிலிருந்து ஒரே பெண்மணியின் பதிவைத் திறந்திருந்தார். விவரத்தை யாருக்கோ கொடுக்கிறார் என்றே முடிவுகட்டினேன். ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய அனுமதியை நிறுத்தினேன்.

மறுநாள் அந்தப் பெண்மணி சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, வயிற்றில் தையலோடு வந்து நின்றார். அவருடைய பயாப்சி ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

"ரிப்போர்ட் வரலைன்னா வர வேண்டாம்னு இந்தப் புள்ளதானுங்க தினமும் போன் பண்ணிச் சொல்லும். இன்னைக்கு போன் வரலைங்க. ரிப்போர்ட் வந்துருச்சாட்ட இருக்குதுன்னு கெளம்பிட்டேனுங்க."

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்மணிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்றே அனுமதியைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்லைங்க சார்" என்றார். ஆனால் அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு என் போன் அடிக்கிறது, ஸ்டெல்லாதான்.

"சார், ரிப்போர்ட் வந்துருச்சான்னு பாத்துக்கட்டுங்களா?"

கேட்க வேண்டாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன். ஆனாலும் கேட்கிறார். ஒரு தடவை கேட்காமல் விட்டவன் நான்தானே.