பினாயில் குடித்த சாணத்தொட்டி

சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் முன்பு செம்பனைதான் இருந்தது. அதை அழித்துத் தாமான் என்று குடியிருப்பு வீடுகள் கட்டியதும் எங்களைப் பிடித்தது சனி. முதலில் நாற்றம் என்று புகார் போனது. பிறகு கால்நடை அதிகாரி வந்து, திறந்த குழியில் கிடக்கும் சாணத்திலிருந்து மீத்தேன் கிளம்புகிறது, பூமி சூடாக அதுவும் ஒரு காரணம் என்றார். ஊரெல்லாம் பேக்டரிப் புகை இருக்க, எங்கள் மாடுகள்தான் அகப்பட்டனவா என்று என் வீட்டுக்காரர் அவர் போனபின் என்னிடம் கத்தினார். நான் போய்ப் படுத்துவிட்டேன். விடியலில் பால் கறந்து, சாணம் அள்ளி, அதற்குப் பிறகு பேக்டரி பஸ் பிடிக்கிற உடம்பு இது.

அதிகாரியே ஒரு வழியும் சொல்லியிருந்தார். சாணத்தை மூடிய தொட்டியில் விட்டு, அதில் வரும் வாயுவை அடுப்பில் எரித்துவிட வேண்டும். பொங்கல் கழிந்து வந்து பார்ப்பார். அடுப்பு எரிந்தால் மாடுகள் இருக்கலாம், இல்லையென்றால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். தொட்டி வைத்தோம். வெகுநாள் காக்கவைத்து ஒருவழியாக நீலமாகத் தீப் பிடித்தது. வீட்டுக்காரர் அன்று கறந்த பாலை அதில் காய்ச்சித் தேத்தண்ணி கலக்கிக் குடித்துவிட்டு, சாண வாசம் துளிகூட இல்லை என்று தாமான் பக்கம் பார்த்துச் சொன்னார்.

மாட்டுப் பொங்கலுக்குத் தங்காக்கிலிருந்து அவருடைய அக்கா வந்தார். மாடுகள் போய்விடக்கூடாதே என்று எங்களைவிட அவருக்குத்தான் கவலை. நாங்கள் மாலை வாங்கப் போயிருந்த நேரத்தில், சாமி கும்பிடுகிற இடமாயிற்றே என்று பினாயில் ஊற்றிக் கொட்டகை முழுக்கத் தேய்த்துக் கழுவிவிட்டார். கழுவிய தண்ணீர் அவ்வளவும் வாய்க்கால் வழியாகத் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. சாணத்தைப் புளிக்கவைத்து வாயுவாக்குகிற கிருமிகள் அதில் பெரும்பாலும் செத்தன.

அதிகாரி வந்த அன்று வீட்டுக்காரர் லைட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார். அடுப்பு பற்றவில்லை. அதிகாரி தரையைப் பார்த்தபடி, புகார் மேலிடம் வரை போய்விட்டது, இனி தன் கையில் இல்லை என்றார்.

"சுத்தமா இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன் தம்பி," என்று அக்கா அழுதார். அவரைத் திட்டவும் எங்களுக்கு மனம் வரவில்லை. லாரியில் ஏற்றும்போது மாடுகளின் கொம்பில் பொங்கல் வர்ணம் அப்படியே இருந்தது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேஸ் தீர்ந்துபோனதால் அந்த அடுப்பைச் சும்மா திருகிப் பார்த்தேன். குப்பென்று பற்றிக்கொண்டது. பினாயில் காட்டம் அடங்கி, மிஞ்சிய கிருமிகள் பெருகி, உள்ளே கிடந்த பழைய சாணம் தானாகவே தேறியிருக்கிறது. அழுகை வந்தது என்று சொன்னால் பொய். அலுப்புதான் வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, கடையில் வாங்கிய பால் பாக்கெட்டை எடுத்தேன். வீட்டுக்காரர் வந்து தீயைப் பார்த்தார்.

"இந்த நெருப்புல கடப் பால வைக்காத," என்றார். "தே ஓ கலக்கு, போதும்."

பால் ஊற்றாமல் கலக்கிக் கொடுத்தேன். காலிக் கொட்டகையைப் பார்த்தபடி உட்கார்ந்து குடித்தார்.