மண்ணெண்ணெய் ஜெற்

அப்பாவுக்கு நெஞ்சு நொந்த நேரம் எங்கடை பிக்கப்பின்ரை காபரேற்றர் கழட்டினபடி சாக்கிலை கிடந்தது. கழட்டினது நான். அம்மாட்டைச் சொன்னது வேறை. ஸ்ரார்ட் வரேல்லை எண்டு சொன்னனான்.

அந்தப் பிக்கப் என்னை விட வயசு கூடினது. கோப்பாய்த் தோட்டங்களிலை வெங்காயம், கத்தரி, பூசணி ஏத்தி, விடிய சுன்னாகம் சந்தையிலை கொண்டுபோய் இறக்கிறதுதான் எங்கடை உழைப்பு. எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டிட்டு மூட்டை பிடிக்கப் பின்னாலை ஏறினனான். பேந்து ஓடவும் பழகினன்.

சண்டைக் காலத்திலை இஞ்சை பெற்றோல் வாறேல்லையாம். எல்லாரும் மண்ணெண்ணெயிலைதான் வாகனம் ஓடினவையாம். காபரேற்றருக்குள்ளை ஜெற் எண்டு ஒரு சின்னப் பித்தளைச் சாமான் இருக்கு, நடுவிலை ஊசி முனையளவு ஓட்டை. அதுக்குள்ளாலைதான் எஞ்சினுக்கு எண்ணெய் போகும். மண்ணெண்ணெய் தடிப்பு, லேசிலை இறங்காது. அப்பா ஒரு ஜெற்றின்ரை ஓட்டையைப் பெருப்பிச்சுப் பூட்டி ஓடினவர். பேந்து எல்லாம் முடிஞ்சு, நான் பிறந்து வளந்து, போன முறை பெற்றோல் வரிசை வந்துதே, அப்ப அதைத் தேடி எடுத்துத் திரும்பவும் பூட்டினார். ஸ்ரார்ட் பண்ண மட்டும் ஒரு மூடி பெற்றோல் காபரேற்றர் வாயுக்குள்ளை விடுவார். பக்கத்து வளவுக்காரர் முதல் சிரிச்சவை. ரெண்டு கிழமையாலை தங்கடையையும் செய்து தரச்சொல்லி வந்து நிண்டவை.

வரிசை முடிஞ்சுது. அப்பா ஜெற்றை மாத்தேல்லை. பெற்றோலைக் குடிச்சுத் தள்ளிச்சுது, பின்னாலை கறுப்புப் புகை. சந்தையிலை ஒருத்தர் பகிடி பண்ணாமல் விடமாட்டார். "என்ன தம்பி, கொப்பர் நுளம்புக்குப் புகையடிக்க வந்திட்டாரோ?"

"அப்பா, மாத்துவம்" எண்டு எத்தினை தரம் கேட்டனான்.

"கிடக்கட்டும். திரும்பவும் தட்டுப்பாடு வரும்."

"இனி வராதப்பா."

"நீ கண்டனியோ? எங்களுக்கும் வராதெண்டுதான் சொன்னவை."

அதுதான் அவருக்குத் தெரியாமல் செய்வம் எண்டு நினைச்சன். யாழ்ப்பாணம் போய்ப் புது ஜெற்றும், மூடேக்கை ஒழுகாமல் இடையிலை வைக்கிற காஸ்கற் கிற்றும் வாங்கி ஒளிச்சு வைச்சிருந்தனான். அண்டைக்குச் சந்தை இல்லை. மத்தியானம் சாப்பிட்டிட்டு அப்பா படுத்திட்டார். நாலு மணித் தேத்தண்ணிக்கு எழும்ப முதல் முடிச்சுப்போடலாம் எண்டு கழட்டினன். அம்மா குசினிக்குள்ளை இருந்து, "உங்கை என்னடா செய்யிறாய்?" எண்டா. "பிளக் துடைக்கிறன்" எண்டன்.

ஜெற் இறுகிப்போய்க் கிடந்தது. மல்லுக்கட்டிக்கொண்டிருக்க அம்மா கத்தினா. "தம்பி, ஓடிவா! அப்பாவைப் பார்!"

கட்டில் விளிம்பிலை இருந்தார். கை நெஞ்சிலை. பெனியன் தண்ணியிலை முக்கி எடுத்தமாதிரி. "வாகனத்தை எடடா" எண்டு அம்மா என்னைப் பிடிச்சுத் தள்ளினா.

நான் ஓடிப்போய் என்ன செய்தனான் தெரியுமோ? சீற்றிலை ஏறி இருந்து திறப்பைத் திருப்பினன். காபரேற்றர் முன்னுக்குச் சாக்கிலை கிடக்கு. அது வராது எண்டு எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சத்தம் கேக்கட்டும் எண்டு திருப்பினன். கழட்டி விட்ட குழாயாலை பெற்றோல் பீச்சி அடிச்சுது. மூண்டு தரம் திருப்பிப்போட்டு, "ஸ்ரார்ட் வருகுதில்லையம்மா!" எண்டு கத்தினன். அதுக்குப் பிறகுதான் ஓட்டோவுக்கு ஓடினன். ஒழுங்கையிலை நிக்கிற ஓட்டோ பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தப் போயிட்டுது. அம்புலன்சுக்கு அடிச்சம், வந்துகொண்டிருக்கு எண்டவை. அது வர முதல் றோட்டாலை போன ஒரு ஓட்டோவை மறிச்சன். ஆசுப்பத்திரி வாசல்லை இறக்கேக்கை என்ரை தோளிலை கிடந்த தலை பாரமாப் போச்சுது. டொக்டர் பாத்திட்டு அம்மாவைத்தான் முதல் இருக்கச் சொன்னவர்.

வாகனத்திலை போயிருந்தால் தப்பியிருப்பாரோ? எனக்குத் தெரியாது. ஒருத்தரிட்டையும் கேக்கவும் இல்லை.

செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் அம்மா அதையே சொன்னா. "எத்தினை வருசம் அதுக்கு உழைச்சுப் போட்ட மனுசன். அந்தச் சனியன் அண்டைக்கெண்டு கழுத்தறுத்துப்போட்டுது." நான் தேத்தண்ணித் தட்டோடை பக்கத்திலை நிக்கிறன். எட்டாம் நாள் எட்டுச்செலவு வரைக்கும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டனான். காபரேற்றரை ஒரு பேசினுக்குள்ளை போட்டு என்ரை கட்டிலுக்குக் கீழை தள்ளி விட்டிருந்தனான். படுத்தால் பெற்றோல் மணக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, கீரிமலைக் கடலுக்குப் போகோணும். அதுக்கு நாலு நாளைக்கு முதல் மாமா, அம்மாவின்ரை தம்பி, வந்தார். "உதைத் திருத்தடா. சாமான் சட்டி ஏத்தவேணும். அத்தான்ரை வாகனம் நிக்க, வேறை வாகனமோ பிடிக்கிறது?"

அடுத்த நாள் காலமை பேசினை எடுத்துக்கொண்டு முத்தத்திலை இருந்தன். காபரேற்றரிலை எண்ணெய் நிக்கிற கிண்ணத்தின்ரை அடியிலை மண்ணெண்ணெய் மஞ்சளாப் பிசின் மாதிரி பிடிச்சிருந்தது. பழைய பல்லுப் புறஸ்சாலை தேய்ச்சன். துவாரங்களை வாயாலை ஊதினன், நாக்கெல்லாம் பெற்றோல். ஜெற் அப்பவும் அசையேல்லை. சுடுதண்ணி விட்டு விட்டுத் திருப்ப, கிறீச் எண்டு கழண்டுது. வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்தன். அப்பா பெருப்பிச்ச ஓட்டை ஒரு பக்கம் கோணல். கையாலை செய்தது தெரியும். புதுசிலை வெளிச்சம் ஒரு புள்ளிதான். எண்ணெயிலை மிதக்கிற புளோட்டைக் காதுக்குக் கிட்டக் குலுக்கிப் பாத்தன், உள்ளுக்கு எண்ணெய் இறங்கேல்லை. புதுக் காஸ்கற் வைச்சு மூடிப் பூட்டினன்.

மாமா பக்கத்திலை நிக்கத் திறப்பைத் திருப்பினன். பெற்றோல் ஏற ஒருக்கா. ரெண்டாம் தரம் பிடிச்சுது. சூடேற விட்டிட்டுக் காத்துக்கும் பெற்றோலுக்கும் உள்ள ஸ்குறூவை மெல்ல மெல்லத் திருப்பினன். உள்ளுக்குப் போனால் இருமும். வெளியிலை எடுத்தால் உறுமும். ரெண்டுக்கும் நடுவிலை ஒரு இடம் இருக்கு, அதிலை சத்தம் ஒரே சீராப் போகும். கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடிச்சன். புகை கொஞ்சமும் இல்லை. எனக்குச் சந்தோசம் வந்தது. அதை எழுத வெக்கமாத்தான் கிடக்கு, ஆனால் வந்தது.

"கெட்டிக்காரன்" எண்டார் மாமா. "அண்டைக்கு ஊத்தை அடைச்சிருந்திருக்கும், என்ன?"

நல்ல பொய். அவரே எடுத்துத் தந்திட்டார். ஓம் எண்டு தலையாட்டினால் முடிஞ்சுது.

அம்மா சத்தம் கேட்டு ஈரக் கையோடை வெளியிலை வந்தா. கிட்ட வந்து பொனற் பக்கத்துத் தகரத்திலை கையை வைச்சா. "பாவம். உன்னை நான் பேசாத பேச்சில்லை" எண்டு வாகனத்துக்குச் சொன்னா.

அதுக்குப் பிறகு என்னாலை ஏலாமல் போச்சுது.

"அம்மா, அண்டைக்கு இது வராது. காபரேற்றர் இதிலை இல்லை. நான் கழட்டிப் போட்டிருந்தனான்."

அவவுக்கு முதல் விளங்கேல்லை. "திறப்பைத் திருப்பினனியே. எனக்குக் கேட்டுதே."

"உங்களுக்குக் கேக்கட்டும் எண்டுதான் திருப்பினனான்."

மாமா கையை உள்ளுக்கு விட்டு எஞ்சினை நிப்பாட்டினார்.

"அவர் கண்டவரோ?" எண்டு அம்மா கேட்டா.

"ஓம். நீங்கள் வீடு பூட்டி வர முதல், ஓட்டோவுக்குத் தூக்கிக்கொண்டு போகேக்கை சாக்கைப் பாத்தவர். 'மூடி வை, தூசி விழும்' எண்டவர்."

அம்மா தகரத்திலை இருந்து கையை எடுத்தா. உள்ளுக்குப் போய்ப் பானையைக் கழுவத் துடங்கினா. ஒரு பானையையே கனநேரம் கழுவினா.

கீரிமலைக்கு மாமா ஒரு வான் பிடிச்சார். அம்மா அதிலை போனா. சாமானை ஏத்திக்கொண்டு நான் தனியப் பின்னாலை போனன். கடலிலை முழுகிக் கிரியை செய்து முடிய மற்றவை எல்லாம் அழுதவை. எனக்கு வரேல்லை.

இப்பவும் அதிலைதான் உழைக்கிறன். அம்மா சமைச்சுத் தாறா, சாப்பிட்டியோ எண்டு கேக்கிறா. என்னை ஒரு சொல்லுப் பேசேல்லை. பேசினால் நல்லது எண்டு நினைக்கிறன். வாகனத்திலை மட்டும் ஏறமாட்டா. போன கிழமை காலமை சந்தைக்குப் போகேக்கை பஸ் தரிப்பிலை நிண்டா, கிளினிக்குக்குப் போக. நான் கொண்டுபோய் நிப்பாட்டி, மற்றப் பக்கக் கதவை எட்டித் திறந்தன்.

"ஏறுங்கோ அம்மா. நானும் அந்தப் பக்கந்தான் போறன்."

"நீ போ தம்பி. உனக்கு நேரம் போகுது. பஸ் வரும்."

கதவைத் திறந்தபடி நிண்டன். பின்னாலை பஸ்காரன் வந்து ஹோர்ன் அடிச்சான். கதவைச் சாத்திப்போட்டு எடுத்தன்.